இன்ஷூரன்ஸுக்குக் கேட்ட ஜாதகம்

முப்பத்தெட்டு வயதில் நான் செத்துப்போவேன் என்பது எனக்குத் தெரியும். பிறந்தபோது உள்ளூர் ஜோசியர் எழுதிய ஓலை ஜாதகத்தில் அப்படித்தான் இருந்தது. முப்பத்தாறு முடிந்ததும் பயம் தாங்கவில்லை. சர்க்கார் கச்சேரி குமாஸ்தா சம்பளத்தை நம்பியிருந்த மனைவியும் இரண்டு பெண்களும் என்ன ஆவார்கள்? தம்பானூரில் தங்கியிருந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைத் தேடிப் போனேன்.

நாகர்கோவில்காரர். வாய் ஓயாத மனிதர். பத்து வருஷத்துக்கு மட்டும், குறைந்த பிரீமியத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"உண்டு. ஆனா பத்து வருஷம் கழிஞ்சு நீங்க சொகமா இருந்தா ஒரு சக்கரம் காசு திரும்பக் கிட்டாது சாரே. அதை ஆரும் எடுக்க மாட்டாங்க."

"எனக்கு அது போதும்."

"சீக்குச் சங்கதி எதையும் மறைக்கப்படாது. மத்தபடி பேடிக்க ஒண்ணுமில்ல."

"சாவு வரும்னு முன்னாலேயே தெரிஞ்சிருந்தா, அதையும் சொல்லணுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர் பாத்துச் சொல்லுவார்" என்று பேச்சை மாற்றி, வயதுக்கு அத்தாட்சி கேட்டார். பிறந்தபோது எழுதிய ஜாதகம் போதுமாம். கல்யாணத்துக்கு எழுதிய காப்பி செல்லாதாம்.

அந்தக் காப்பி முழுப் பொய். எனக்கு யாரும் பெண் தரமாட்டார்கள் என்று அப்பா பிறந்த மாதத்தையே மாற்றிப் புதிதாக எழுதி வாங்கியிருந்தார். அசல் ஓலை என் டிரங்குப் பெட்டியின் அடியில் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்தது. மனைவி அதைப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோவிலுக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். போன சுருக்கில் திரும்பிவிட்டாள்.

"இதென்னாக்கும் ஓலை?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள், செத்துப்போன என் அப்பாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த வயசிலயாக்கும்?"

"முப்பத்தெட்டு."

விரல்விட்டு எண்ணினாள். எங்களுக்குள் எட்டு வயது வித்தியாசம். எண்ணி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ எனக்கு முப்பது. எங்காத்திலயும் ஜாதகத்தை மாத்தி எழுதித்தான் உங்காத்துக்குக் குடுத்தா. முப்பதில மாங்கல்யத்துக்குக் கண்டம்னு திருநெல்வேலி ஜோசியர் எழுதின அசல் என் பெட்டியிலயும் இருக்கு. உங்களுக்குத் தலைவலின்னாலே எனக்கு நெஞ்சு அடைச்சுண்டுடும்."

அதுவரை எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. ஜோசியரும் மனிதர்தானே, கணக்குத் தப்பியிருக்கலாம் என்று. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர், இரண்டு ஊர்களில் உட்கார்ந்து ஒரே வருஷத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பாலிசி எடுத்தபோது, சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார் என்று சொன்னவள் இவள். இப்போது எழுந்து, ஓலையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஏஜெண்ட் இருப்பாரோன்னோ? நாளைக்குன்னு வைக்காதீங்கோ."

செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசல்வரை வந்தவள், வண்டி வருகிறதா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஓரமாப் போங்கோ. இன்னும் கையெழுத்தாகலை."