ஏரிக்கு முதுகு காட்டிய ஜன்னல்

ஏரிப் பூங்கா வாசலில் டிக்கெட் கொடுப்பவளுக்கு ஊரில் 'கவுன்ட்டர்' என்றே பெயர். கல்யாணமாகி வந்த வருஷமே சேர்ந்த வேலை. பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் தற்காலிகம்தான். ஊரே மெச்சும் அந்த ஏரியை அவள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவளுடைய ஜன்னல் சாலையைப் பார்த்தது. ஏரி முதுகுக்குப் பின்னால் கிடந்தது. வேலை முடிந்தால் வீட்டுக்கு ஓட்டம். லீவு போட்டால் சம்பளம் போச்சு.

மாநில அரசிடமிருந்த பூங்காவை மத்திய அரசு எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு கிளம்பியதும் வீடு இரண்டுபட்டது. மத்திய அரசு வந்தால் வேலை நிரந்தரம், வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று அவள் மனக்கோட்டை கட்டினாள். மாமியாருக்கோ, காலை நடைக்கு உள்ளூர்க்காரர்களை இலவசமாக விடுவது நின்றுவிடுமே என்று வயிற்றெரிச்சல். தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம் ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்பார். பெஞ்சின் உடைந்த காலை மாற்றக்கூட மாநிலத்துக்கு நேரமில்லையே என்பாள் இவள், தட்டை 'ணங்'கென்று வைத்தபடி. புருஷன் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவான். பிழைக்கத் தெரிந்தவன்.

நகராட்சி அரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஊழியர்கள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் கடைசி வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருக்க, மாமியார் மைக்கைப் பிடித்தார். சரி, நம் வேலைக்கு உலை வைக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"ஏரி மாநிலத்துகிட்டயே இருக்கணும். ஆனா கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணை நிரந்தரம் பண்ணணும். உங்களால முடியாதுன்னா, முடியறவங்ககிட்ட கொடுத்துடுங்க. நாங்க ரோட்டுல நடந்துக்கறோம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை வீட்டிலேயே ஒரு நாள் சொல்லியிருந்தால் இத்தனை தட்டு நசுங்கியிருக்காது.

பூங்கா மத்திய அரசுக்கே போனது, வேலை நிரந்தரமானது. மாமியார் சொன்ன சொல் மாறாமல் தோழிகளோடு வேலிக்கு வெளியே சாலையில் நடந்தார். இந்த ஜென்மத்தில் டிக்கெட் வாங்க மாட்டேன் என்றார். பூங்காவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மனுவும் எழுதினார். எந்தப் பக்கமும் சாயாத மகனை மிரட்டித்தான் முதல் கையெழுத்து வாங்கினார்.

முதல் லீவு நாளன்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்றிருந்தவளை அவர் விடவில்லை. கையோடு இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். கவுன்ட்டரில் அன்றைக்கு வேறு ஆள்.

"ரெண்டு டிக்கெட்" என்றார்.

"அத்தை, நீங்க வாங்கவே மாட்டேன்னு..."

"மனு மனுதான், அதை விட மாட்டேன். இத்தனை வருஷமா ஊரையே உள்ள அனுப்பினியே, நீ ஒரு தடவை போயிருக்கியா? நட."