பஞ்சைத் தெருவில் போட்ட நாள்

அந்த நாற்காலியின் இருக்கைத் துணியைக் கிழித்ததும் முதலில் வெளியே வந்தவை மூட்டைப்பூச்சிகள். அடுத்து ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங் எகிறி வந்து என் முழங்கையைக் கீறியது. அதற்கடியில் தேங்காய் நார், கறுத்துக் கட்டிதட்டிப்போன பஞ்சு, எத்தனையோ காலத்துத் தூசி. சூலூர் வீட்டின் முன்னறையில், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பிரித்துப்போட்ட சாமான்களுக்கு நடுவே நின்று, 'அடக் கடவுளே, இதை எப்படித் திரும்பப் பூட்டப்போகிறேன்' என்று நான் விழித்தது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. நாற்காலி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. அதில் உட்கார்கிறவர்கள், எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பார்கள். நான் மட்டும் இன்றைக்கும் கையால் ஒரு முறை அமுக்கிப் பார்க்காமல் அதில் உட்காரமாட்டேன்.

அது என் மாமனாருடைய நாற்காலி. அவர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரர் காலத்து மேனேஜர் பங்களாவை இடித்தபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். ஆளுக்கொரு கட்டில், பீரோ என்று எடுக்க, இவர் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஈட்டி மரம். கைப்பிடிகள் முனையில் அழகாகச் சுருண்டிருக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இருக்கைதான் போய்விட்டது. உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடுவார். எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றி எம்பவேண்டும். "சேருல உக்காந்தா கெணத்துல எறங்குனாப்பல இருக்குது" என்று அவரே கேலி செய்வார். ஆனால் வேறு எதிலும் உட்காரமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளிக்குச் சற்று முன்னால், மாமாவுக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அப்போதெல்லாம் அந்த ஆபரேஷனின் பெயரைச் சொன்னாலே தெருவில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நல்லபடியாக முடிந்து, வார்டுக்கும் மாற்றிவிட்டார்கள். டாக்டர் என் கணவரிடம் சொல்லி அனுப்பினாராம்: கொஞ்ச நாளைக்கு மல்லாந்து படுக்க முடியாது, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கவேண்டும். அதைவிட முக்கியம், கையை ஊன்றி எழவே கூடாது, ஒட்டிவருகிற நெஞ்செலும்பு விட்டுப்போகும். இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் குழிவிழுந்த நாற்காலிதான் கண்முன் வந்தது. எழும்போதெல்லாம் அவர் கையை ஊன்றி எம்புகிற காட்சியும் கூடவே வந்தது.

உக்கடத்தில் குஷன் கடை பாயிடம் ஓடினேன். தீபாவளி வேலை தலைக்குமேல் கிடக்கிறது, ஒரு மாதம் ஆகும் என்றார். நான் அழுகிற நிலையில் நின்றதைப் பார்த்து மனசு கேட்காமல், வேண்டிய சாமான்களை எடுத்துக் கொடுத்து, அடியில் வரும் சணல் பட்டையைக் காட்டி, "இத மட்டும் நல்லா இழுத்து அடிங்கம்மா, தட்டுனா மேளம் மாதிரி கேக்கணும்" என்றார். குஷன் வேலையில் எனக்கு இருந்த அனுபவம் தலையணை உறை தைத்ததுதான். இருந்தாலும் ஆரம்பித்துவிட்டேன். சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைத்தது. மாமா திரும்பி வராமலே போய்விட்டால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு பழைய ஆணியைப் பிடுங்கினேன். கைப்பிடிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடம் வெளுத்துப்போனதைப் பார்த்து, மரத்தையே கெடுத்துவிட்டோமோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

நான் சொல்ல வந்தது என் மாமியாரைப் பற்றி. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவர் வீட்டுக்கு வரவேயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து, குழாயடியில் முகம் கழுவி, அங்கேயே கிடந்தார்; கால்கள் வீங்கிப்போயிருந்தன. நான்தான் விடாப்பிடியாக நின்றேன். "ஒரு பொழுது ஊட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, சூடா ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போங்கத்தை. மாமாகூட உங்க பையன் இருக்காருல்லீங்க." அவருக்கு மனசே இல்லை. "நான் நவுந்தா அவருக்கு என்னமோ ஆயிப்போகும்னு தோணுது கண்ணு" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று பெரிய மனுஷிபோல அடித்துப் பேசி, மறுநாள் மத்தியானம் வருவதாக ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அத்தை வருவதற்குள் மூட்டைப்பூச்சியை வீட்டைவிட்டு விரட்டவேண்டும் என்று எனக்கு அவசரம். நார், பஞ்சு, கிழிந்த துணி, மாமா முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே தெருவோரம் கொட்டினேன். அப்புறம் கொளுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பு. உள்ளே வந்து, வெறும் சட்டமாக நின்ற நாற்காலியில் சணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஆணி அடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் பகலெல்லாம் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தம் ஓடுகிறவரை எங்கள் காதுக்குத் தெரியாது; நின்றால்தான் தெரியும். அன்று நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால், தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரண்ட் இருக்கும்போது எங்கள் தெருவில் தறியை நிறுத்தினால் இழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலோடு வெளியே வந்தேன். எதிர்வீட்டுத் தறிக்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள்.

"எப்பங்க அம்மிணி?" என்றார் அக்கா.

"எதுங்கக்கா?"

அவர் கண் தெருவோரம் போனது. பஞ்சும் தலையணையும். செத்தவர்கள் படுத்த மெத்தையையும் தலையணையையும்தான் எங்கள் பக்கம் அப்படித் தெருவில் போடுவோம். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கிற வீட்டில் நான் அதைச் செய்திருக்கிறேன்! இது சேர்ப் பஞ்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொரு பயம் வந்துவிட்டது. தெருவில் போன் இருப்பது இந்த அக்கா வீட்டில் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தால் இவர்களுக்குத்தான் முதலில் வரும். "போன் ஏதாச்சும் வந்துச்சுங்களாக்கா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் தெருமுனையில் அத்தை தெரிந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி ஒயர்கூடையோடு வந்தவர், தறி ஓடாத தெருவில் ஒரு கணம் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். கூடையைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். அலறவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. ஓடிப்போய்ப் பிடித்த என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பக்கத்துல ஆரு கண்ணு இருந்தாங்க?"

அந்தக் கேள்வியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "அத்தை, அது சேர்ப் பஞ்சுங்க, மூட்டைப்பூச்சின்னு வெளிய போட்டனுங்க, மாமா நல்லா இருக்காருங்க" என்று கத்துகிறேன். அவர் என் முகத்தையே பார்க்கிறார், நம்பவில்லை. நம்பும்படி எப்படிச் சொல்வேன், எனக்கே தெரியாதே! அக்காதான், "போனெல்லாம் வரலீங்க, பஞ்சப் பாத்துப்போட்டுத்தான் நாங்க தறிய நிறுத்துனோம்" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வார்டிலிருந்து என் கணவரைக் கூப்பிட ஆள் போனது. போன ஆளைக் காணவே காணோம். ரிசீவரை அத்தை காதில் வைத்துப் பிடித்திருந்தேன். அவர் மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. கடைசியில் கணவரின் எரிச்சலான குரல் எனக்கும் கேட்டது. "என்னம்மா இப்ப? ரசஞ்சோத்துல உப்பில்லைன்னு அப்பா நர்ஸம்மாகிட்டச் சண்டை போட்டுட்டிருக்காரு, நான் அவரப் பாக்கறதா, போனப் பாக்கறதா?"

அக்கா தறிக்கூடத்தைப் பார்த்துக் கையை அசைத்தார். தறி ஓட ஆரம்பித்தது. காதைக் கிழிக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அத்தையை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எங்கே உட்கார்கிறோம் என்று பார்க்காமல் எதிரே இருந்ததில் உட்கார்ந்தார். நான் அடித்திருந்த பட்டைகள் படபடவென்று ஆணியோடு பிய்த்துக்கொண்டன. அத்தை சட்டத்துக்குள்ளே இறங்கி, கால்கள் மேலே தூக்க, தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவரே முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். தூக்கி நிறுத்தியதும் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, "நல்லவேளை போ. இதுல அவரு உக்காந்திருந்தா?" என்றார். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை குளிக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. "இனி அவரோடதான் வாரேன்" என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

அக்காவுக்கும் மனசு சங்கடமாக இருந்திருக்கவேண்டும். தினமும் தறி வேலைக்கு நடுவே வந்தார். நான் முதலில் வெறும் கையால் இழுத்ததுதான் தப்பு. பட்டையை ஒரு கட்டையில் சுற்றி, அக்கா சட்டத்தைக் காலால் உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுக்க, நான் ஆணி அடித்தேன். ஸ்பிரிங்குகளைக் கயிறு போட்டுக் கட்டி, புது நார் பரப்பி, இலவம் பஞ்சு வைத்து, பச்சைத் துணி போர்த்தினோம். ஒரு ஓரம் கோணலாகத்தான் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும். வேலை முடிந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. போகும்போதும் வரும்போதும் இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். தாங்கியது. ஆனால் அரிசி மூட்டைக்கு நெஞ்சு இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

காரில் வந்து இறங்கினார்கள். மாமா பாதி ஆளாகியிருந்தார். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகன் தோளைப் பிடித்து, நாற்காலியை நோக்கி வந்தார். அவர் திரும்பி உட்காரப்போகிற சமயம், அத்தை குறுக்கே புகுந்து பொத்தென்று அதில் உட்கார்ந்தார். மாமா நிற்கும்போது அத்தை உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தார். எம்பி எம்பி உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை.

"ஏனம்மிணி, எனக்கு எடம் உடமாட்டியா?" என்றார் மாமா.

"சித்தே நில்லுங்க. மொதல்ல நான் போயிப் பாத்துட்டுச் சொல்றேன். அப்பறமா நீங்க வாங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு, "சிரிக்க வெக்காத, தையல் இழுக்குது" என்றார்.

அதன் பிறகு மாமா பல வருஷம் இருந்தார். அத்தைதான் முந்திக்கொண்டார், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு மாமாவுக்குக் காபி கொண்டுபோனேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உக்காருங்க மாமா" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்னுதான போனா" என்றார். "இன்னும் ஒண்ணும் சொல்லக் காணமே, கண்ணு."