முக்குளிப்பான் மூடி வைத்த முட்டைகள்

கஸ்தூரி போய்விட்டாள்.

செல்லூரில் எங்கள் பக்கத்து வீடு. ஏழாவது வரை ஒரே பெஞ்ச். நேற்று போன் வந்ததிலிருந்து கை வேலை ஓடவில்லை...

எண்பதுகளின் தொடக்கம். சயின்ஸ் பரீட்சையில், பறவை தண்ணீரிலும் கூடு கட்டும் என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"கம்மாயில முக்குளிப்பான் கட்டிருக்கு டீச்சர். போட்டோ எடுத்துட்டு வாரேன்."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவள் மாமாவிடம் ஒரு பாக்ஸ் கேமரா. ரோலில் மிச்சம் ஒரே படம். கெஞ்சி வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அலுமினியச் சட்டியில் கேமராவை மிதக்கவிட்டபடி, செல்லூர் கண்மாயில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நான் கரையில், செருப்புக்குக் காவல்.

இவளைப் பார்த்ததும் பறவை முங்கிப் போனது. கூடு இருந்த இடத்தில் வெறும் பாசிக் குவியல்.

"குப்பைதான்டி இருக்கு" என்று கத்தினேன்.

"உள்ள முட்டை இருக்கு. எந்திரிச்சுப் போறப்ப பாசியப் போட்டு மூடிட்டுத்தான் போகும். மூணு நாளாப் பாக்குறேன்."

"அப்ப பாசிய விலக்கிட்டு எடு. வெயில் ஏறுது."

"அது மூடி வச்சிருக்கு. நாம எதுக்குடி தெறக்கணும்?"

பத்தடி தள்ளிப் போய் நின்றாள். அசையவில்லை. எனக்குப் பசி, எரிச்சல், வீட்டில் அடி விழுமே என்ற பயம். நாலு தடவை கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உச்சி வெயிலில்தான் அது திரும்பி வந்தது. பாசியை அலகால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தது. ஒரே ஒரு கிளிக்.

படத்தில் பறவை ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான். டீச்சர் ஜன்னல் பக்கம் போய் வெகு நேரம் பார்த்தார். பிறகு பேப்பரை வாங்கி, அடித்ததை அடித்துவிட்டு மார்க் போட்டார்.

அன்று கரையேறியபோது அவள் விரல்கள் ஊறிப்போய் வெளுத்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வெள்ளைத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். எடுக்கும் நேரத்தில் அவள் மகன் என்னிடம் வந்தான்.

"பெரியம்மா, கடைசியா ஒருக்க மொகம் பாக்குறீங்களா? துணிய விலக்கச் சொல்லவா?"

பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"வேணாம்யா... மூடியே இருக்கட்டும்."

போயிட்டு வாடி, பிடிவாதக்காரி.