நாலாம் மாடிக்கு ஏறாத குளிர்

ஏசி ஆபரேட்டர் என்றால் கையில் ரிமோட் வைத்திருப்பவர் என்று நினைக்கிறார்கள். தஞ்சாவூர் ஜவுளிக்கடை ஒன்றின் அடித்தளத்தில் எனக்கு இருப்பது பம்பும் குழாயும்தான். பெரிய கட்டடங்களில் புழுக்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

சுற்றும் தண்ணீர்

கழிப்பறை தேடி வழி தவறிய ஒரத்தநாட்டு விவசாயி ஒருவர் என் மெஷின் அறைக்கு வந்துவிட்டார். குளிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மெஷின் தண்ணீரை ஏழு டிகிரிக்குக் குளிரவைக்கும், பம்பு அதை மாடிகளுக்குத் தள்ளும், அங்கே குளிர்ந்த குழாய்கள் மேல் விசிறி காற்றை ஊதும், சூட்டை வாங்கிக்கொண்டு அதே தண்ணீர் பன்னிரண்டு டிகிரியில் திரும்பும் என்றேன். அவர் குழாயைத் தடவிப் பார்த்தார்.

"போன தண்ணி திரும்பி வருதா? எங்க வாய்க்காலுக்கு இதுல ஒண்ணு போட்டுக் குடுங்க."

சிவப்பு அடையாளம்

நாலாம் மாடி கல்யாணப் பட்டு. அதற்குப் பொறுப்பு கலைச்செல்வி. பல வருடம் கவுண்டரில் நின்று அந்த மாடிப் பொறுப்பை வாங்கியவர். சித்திரையில் அங்கே புழுங்கியது, வந்தவர்கள் பாதியில் இறங்கிப் போனார்கள். வைகாசி முகூர்த்தத்துக்குள் சரியாகாவிட்டால் மாடியைக் குடோன் ஆக்கிவிடுவேன் என்றார் முதலாளி. கலைச்செல்வி மறுபடி கவுண்டருக்குத்தான்.

மெஷினில் குறையில்லை. ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீரை அளந்துவிட ஒரு வால்வு உண்டு. எது வரை திறக்கலாம் என்று சிவப்புப் பெயிண்டில் அடையாளம் வைத்திருக்கிறேன். தரைத்தள வால்வு அதைத் தாண்டி முழுதாகத் திறந்து கிடந்தது. பெரும்பங்கு கீழேயே சுற்றித் திரும்பிவிட்டால் மேலே எது ஏறும்? நான் குறைப்பேன், மறுநாள் திறந்திருக்கும். திறந்தவர் தரைத்தளப் பொறுப்பாளர் கோவிந்தராஜ், குத்தாலத்தில் நிலம் வைத்திருப்பவர். முதலாளியிடம் சொல்லக் கூச்சப்பட்டு கோவிந்தராஜிடமே கேட்டேன்.

"தண்ணி வர்றப்பவே பாய்ச்சிக்கணும்ணே. நாளைக்கு வரும்னு யாரு கண்டா?"

கோவிந்தராஜ் வீட்டுப் பட்டு

அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. குடும்பத்தோடு நாலாம் மாடிக்குப் புடவை எடுக்க வந்தார். கழுத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்த அவர் மனைவி, விசிறியைப் பார்க்க மேலே வந்திருந்த என்னிடம், குளிர் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் கோவிந்தராஜைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நான் சொல்லித் தெரிந்திருந்த கலைச்செல்விதான் வால்வு விஷயத்தை உடைத்தார். அந்த அம்மாள் மடியிலிருந்த புடவையை ஓரமாக வைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார்.

"எங்கப்பா ஊரு கடைமடை. மேல உள்ளவங்க மடைய அடைக்காம எங்க பயிர் காஞ்சத பாத்தவ நான். போய் அடைச்சிட்டு வாங்க, அப்புறம் புடவை எடுப்போம்."

வைகாசி

அந்த வால்வு பிறகு அடையாளத்தை விட்டு நகரவில்லை. தரைத்தளத்திலும் குளிர் குறையவில்லை. நாலாம் மாடி இருபத்துநான்கு டிகிரியில் நிற்கிறது. முதலாளி குடோன் பேச்சை விட்டுவிட்டார். முகூர்த்தக் கூட்டத்தின் நடுவே கலைச்செல்வி போன் செய்தார்.

"அண்ணே, குளிரக் கொஞ்சம் குறைங்க. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒரு பட்டுப்புடவைய எடுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காரு, கேட்டா குடுக்க மாட்டேங்கறாரு."

புழுக்கம் என்ற புகாரை விடக் குளிர் என்ற புகார் காதுக்கு எவ்வளவோ இதம் என்பதுதான் இந்த வேலையில் நான் கண்ட லாபம்.