எதை விட்டுவச்சாங்க?

தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் அறை வாசலில் ஓர் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்றுப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. நர்ஸ் என்ன சொன்னாலும், "எழுதிக் குடுத்துடுங்க" என்று கையை நீட்டிவிடுவார்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்து எட்டு வருஷம் ஆச்சு. இப்ப வயிறு உப்புது, வாயுவாத்தான் இருக்கும்" என்றேன்.

"சினைப்பையையும் எடுத்தாங்களா?"

"எல்லாத்தையும் எடுத்திருப்பாங்க."

அவர் சிரித்தார். "நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப எங்க பண்ணையாரும் மிச்ச நிலத்தை எல்லாம் குடுத்துட்டேன்னுதான் சொன்னாரு. எங்க விவசாயச் சங்கத்துல ஊர் நிலக்கணக்கு அடங்கலை வாங்கிப் பாத்தா, வாய்க்காலோரத் துண்டு ரெண்டு அவருகிட்டயே இருக்கு. எதை எடுத்தாங்கன்னு கேட்டாப் பத்தாதுங்க. எதை விட்டுவச்சாங்கன்னு கேக்கணும்."

பட்டாவோடு மடித்து வைத்திருந்த பழைய ஆபரேஷன் சீட்டை எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், சரியான வரியில் விரல் வைத்தார். சினைப்பை இரண்டும் அப்படியே விடப்பட்டன என்றிருந்தது.

"சின்ன வயசுன்னு நல்லதுக்குத்தான் விட்டாங்க. இப்ப அதுல ஒரு கட்டி. இந்தச் சீட்டைப் பாத்துத்தான் டாக்டரம்மா சீக்கிரமே கண்டுபுடிச்சாங்க. எடுத்துட்டா அடுத்த நடவுக்கு எறங்கிடலாமாம்."

என்னைக் கூப்பிட்டார்கள். "எழுதி வாங்கிக்கங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஸ்கேன் முடிவை எழுதி வாங்கினேன். எனக்கும் சினைப்பையை விட்டுவைத்திருந்தார்கள்; அதில் ஒரு சிறிய கட்டி. அதை எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தச் சீட்டு வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கிறது. அவர் பெயரைத்தான் நான் எழுதி வாங்கவில்லை.