ஐஸ் தட்டில் வைத்த ஊசி மருந்து

எண்பதுகளின் நடுவில் நாங்கள் குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜின் பின்கட்டில் குடியிருந்தோம். என் கணவர் அந்த லாட்ஜுக்கு மேனேஜர். முன்பக்கம் எட்டு அறைகள், நடுவில் சமையல்கட்டு, பின்னால் எங்களுக்கு இரண்டு அறைகள். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நான் பி.எஸ்சி. வரை படித்திருந்தும், அவளுக்கு எதைச் செய்தாலும் சரிதானா என்று நாலு தடவை யோசிப்பேன். குளிப்பாட்டும் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். ஊற்றப் போகும்போது சந்தேகம் வந்து மறுபடியும் விட்டுப் பார்ப்பேன்.

மூன்றாம் மாதத்தில் அவளுக்கு முதல் முத்தடுப்பு ஊசி போட்டிருந்தோம். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றையும் தடுக்கும் ஊசி. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் தணிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த மாதம் ஊசி போடும் நாள் வந்தபோது, பிள்ளைக்குச் சளி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டேன். சளி இருந்ததா என்றால், தேடினால் இருந்தது.

அதற்குப் பிறகுதான் லாட்ஜ் விரிப்புகளைத் துவைத்துத் தரும் பெண்ணின் மூத்த பையனுக்குக் கக்குவான் வந்தது. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அந்தப் பையன் இருமத் தொடங்கினால் முடிவில்லாமல் இருமுவான். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வரும். அது வரும்வரை நானும் மூச்சு விடாமல் நிற்பேன். அவளிடம் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. விரிப்புகளை வாங்கப் போனால், அவள் என்னைப் பார்த்து ஒன்றையே கேட்பாள்.

"சின்னதுக்கும் ஒட்டிக்கிடுமாம்மா? நர்சம்மா என்னைக்கு வருவாவ?"

அடுத்த புதன்கிழமை என்று சொன்னேன். இந்த முறை நானும் போவதாக எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாரல் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. தென்காசி முதல் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை மின்சாரம் இல்லை. அருவிப் பக்கத்து லைன் வேறு என்பதால் எங்கள் லாட்ஜில் மட்டும் விளக்கு எரிந்தது. நாலு மணி இருக்கும். நர்சம்மா நனைந்த குடையோடும் தோளில் மாட்டிய நீலப் பெட்டியோடும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க பிரிட்ஜ்ல நாளைக்கு வரைக்கும் இத வைக்கணும்மா. நீங்க படிச்சவங்க, தெர்மாமீட்டர் பாக்கத் தெரியும்னுதான் உங்ககிட்ட வாரேன்."

பெட்டியைத் திறந்தார். சுற்றிலும் ஐஸ் பொதிகள், நடுவில் விரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நாட்டின் மக்கள் தந்த அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. போலியோ சொட்டு மருந்தின் லேபிளில் ரஷ்ய எழுத்து. ஊசி மருந்து நீலகிரி மலையில் செய்தது. தெர்மாமீட்டரின் முதுகில் நான் அட்லஸில் மட்டுமே பார்த்திருந்த இன்னொரு குளிர்நாட்டின் பெயர். பேப்பரைப் பிரித்தால் ஒருவரை ஒருவர் குண்டு காட்டி மிரட்டும் தேசங்கள், எங்கள் சமையல்கட்டு மேடையில் தக்காளிக்கூடைக்குப் பக்கத்தில், ஒரே பெட்டிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. எனக்குப் புல்லரித்தது.

"கப்பல், பிளேன், மெட்ராஸ், திருநெல்வேலின்னு எல்லா எடத்துலயும் இந்தக் குளிரு மாறாம வந்திருக்கு. ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல நிக்கணும். சூடு பட்டா போச்சு" என்றார் நர்சம்மா. குப்பிகளையும் தெர்மாமீட்டரையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து நடுத்தட்டில் அவரே ஏற்றினார். வாசலில் குடையை விரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். மழைச் சத்தத்தில் அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஐஸில் வைக்காதீர்கள் என்றுதான் சொன்னாரா, அல்லது அப்படிச் சொல்லியிருப்பார் என்று பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

சீசன் நேரத்தில் லாட்ஜ் பிரிட்ஜ் ஒரு நிமிடம் மூடியிருக்காது. அருவியில் குளித்து எண்ணெய் வடிய வருகிறவர்கள், குளிரில் பல் தந்தியடிக்க, கலர் சோடா குடிப்பார்கள். அரைமணிக்கு ஒரு தடவை நான் எட்டிப் பார்த்தேன். ஏழு. எட்டு. பிறகு பத்து. ஒரு துண்டை எடுத்துப் பிரிட்ஜ் கைப்பிடியில் கட்டி, ஸ்டூலைப் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

சமையல்கார அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன தாயி, உள்ள சாமியா வச்சிருக்கிய? நட சாத்துன மாதிரி உக்காந்திருக்கிய?"

"மருந்து அண்ணாச்சி. திறக்கக் கூடாது."

"மூணாம் நம்பர் ரூம்ல நாலு கலர் கேக்காவ. நான் என்ன சொல்ல? சாமிக்கு உச்சிகாலம்னு சொல்லட்டா?"

என் கணவரும் வந்து பார்த்தார். "ஏட்டி, சீசன்ல யாவாரத்த நிறுத்திப் போட்டு இது தேவையா ஒனக்கு?" என்றார். ஆனால் துண்டை அவிழ்க்கச் சொல்லவில்லை.

கதவைக் கட்டியும் தெர்மாமீட்டர் முள் இறங்குவதாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மேலே ஐஸ் தட்டு இருக்கிறதே, குளிர்தான் வேண்டும் என்றால் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் வைத்தால் என்ன? எட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. இரண்டு என்ற எண்ணை அவர் எதற்குச் சொன்னார் என்று யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் நாலு தடவை யோசிக்கிற நான் அதை ஒரு தடவைகூட யோசிக்காமல் தட்டோடு தூக்கி மேலே வைத்தேன். சற்று நேரத்தில் முள் கீழே இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டியது. மனது நிறைந்துபோய் துண்டை அவிழ்த்தேன். அண்ணாச்சி நாலு கலர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்சம்மா வந்தார். நான் காட்டிய ஐஸ் தட்டைத் திறந்தார். சொட்டு மருந்துக் குப்பியைத் தொட்டுப் பார்த்து, "இது உறையலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு ஊசி மருந்துக் குப்பி ஒன்றைக் கையில் பொத்திக் கரைய விட்டார். குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல் உள்ளே திரிதிரியாக மிதந்து, மெல்ல அடியில் படிந்தது.

"திரிஞ்சு போச்சும்மா. இத இனி குத்தக் கூடாது. குத்துனாலும் பிரயோசனமில்ல."

எந்தெந்தக் கடல்களையோ கடந்து வந்த மருந்தெல்லாம் தப்பித்திருக்க, நம் நீலகிரி மலையிலிருந்து வந்தது என் கையில் கெட்டிருந்தது. நர்சம்மா திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவரோ, "நான் சொல்லாம போயிட்டனோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அதற்குள் ஊசி போடும் ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் தாய்மார்கள் கூடிவிட்டிருந்தார்கள். துவைக்கிற பெண் முதல் ஆளாக, கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள். இன்று விட்டால் அடுத்த ஊசி நாள் ஒரு மாதம் கழித்து. ஒரே அறையில் இருமுகிற பையனோடு அந்தக் குழந்தை இன்னும் ஒரு மாதம் படுத்திருக்க வேண்டும்.

லாட்ஜ் போனிலிருந்து நர்சம்மா தென்காசிக்குப் பேசினார். அங்கிருந்த மருந்தை முந்தின நாளே கடையநல்லூருக்குக் கொண்டுபோய், வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுப் பிரிட்ஜில் வைத்திருந்தார்கள். யாராவது போய் எடுத்து வரவேண்டும். நர்சம்மா இங்கே சொட்டு மருந்து கொடுத்துத் தாய்மார்களை நிறுத்தி வைக்க வேண்டும்.

"நான் போறேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

பிறந்த நாளிலிருந்து மகளை விட்டு நான் அடுத்த தெருவுக்குப் போனதில்லை. பால் கொடுத்து, கணவர் தோளில் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "நேரா போயிட்டு நேரா வந்துரு. அழுதா நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நர்சம்மா சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசி பஸ் ஏறி, அங்கே கடையநல்லூர் பஸ்ஸுக்கு மாறினேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. நெசவுச் சத்தம் கேட்கும் தெருவில், ஊசி பிரிட்ஜ் வீடு என்றதும் கைகாட்டிவிட்டார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே பெட்டியைப் பார்த்தாள்.

"குத்தாலத்துல ஐஸ்ல வச்சது நீங்கதானாக்கா?"

தகவல் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தலையை ஆட்டினேன். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "மொகத்த ஏன் அப்படி வைக்கிய? உக்காருங்க, தண்ணி குடிங்க. இங்கனயும் எம் மாமியா மருந்து மேல மீன் சட்டிய வைக்கப் போனாக. நான் கையப் புடிச்சு நிறுத்துனேன். இது ஐஸ்கிரீம் செய்யணும்னு மச்சான் கப்பல்ல அனுப்புன பொட்டி. ஒரு நாளு செஞ்சோம். இப்ப ஊருப் புள்ளையளுக்கு ஊசி காக்குது."

பிரிட்ஜின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மணிக்கொரு தடவை டிகிரியை எழுதி வைத்திருந்தாள். நாலு, ஐந்து, ஐந்து, நாலு. பேனா மாறியிருந்ததே தவிர எண் ஐந்தைத் தாண்டவில்லை. அவள் படிப்பை ஏழாவதோடு நிறுத்திவிட்டார்களாம். அந்தக் காகிதத்தின் முன்னால் என் பட்டம் தலைகுனிந்து நின்றது. ஐஸ் பொதிகளைப் பெட்டியின் ஓரங்களில் அடுக்கி, குப்பிகளைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி நடுவில் வைத்தாள். "ஐஸு நேரா தொடக் கூடாதுக்கா. பக்கத்துல இருக்கணும், ஆனா தொடக் கூடாது." மூடியை அழுத்தி மூடியவள், மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு கணம் கண்ணை மூடி ஏதோ ஓதினாள்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கண்டக்டர், "அதுல என்ன மீனா? மீனுன்னா டாப்ல போடுங்க" என்றார். பிள்ளைகளுக்கான மருந்து என்றதும் பக்கத்தில் இருந்தவரை எழுப்பி, வெயில் படாத ஓரத்துக்கு என்னை மாற்றி உட்கார வைத்தார்.

பாதி வழியில் மகளுக்குப் பால் நேரம் வந்துவிட்டது. எனக்குத் தெரியுமுன் உடம்புக்குத் தெரிந்தது. ரவிக்கை நனைந்து சேலை வரை வந்தது. மடியில் அந்தக் குளிர், அதன் மேல் என் பாலின் சூடு. பெட்டியைக் கொஞ்சம் முழங்காலை நோக்கி நகர்த்தி வைத்தேன். என் இடது கையில் அம்மைப்பால் குத்திய வட்டத் தழும்பு இரண்டு உண்டு. மகளின் கையில் அது இல்லை. பெரியம்மை என்ற அந்த நோயே இப்போது பூமியில் இல்லை. தேசங்கள் எல்லாம் சேர்ந்து வீடுவீடாகத் தேடி ஒழித்தார்கள் என்று படித்திருந்தேன். படித்தபோது அது யாரோ பெரியவர்கள் எங்கோ பெரிய கட்டிடங்களில் உட்கார்ந்து செய்த காரியம் என்று நினைத்திருந்தேன். நெசவுத் தெருவில் மணிக்கொரு தடவை எழுந்துபோய் ஒரு எண்ணை எழுதுகிற பெண் அதற்குள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளைப்போல் எத்தனை தேசங்களில் எத்தனை பேர் இந்த நிமிடம் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. அவர்களுடைய பயம் மட்டும் தெரியும். மேலே மலை மேகத்துக்குள் இருந்தது. அதைப் பார்த்து மலைக்கிற மாதிரியே என் மடியைப் பார்த்தும் மலைத்துக்கொண்டு வந்தேன்.

பதினோரு மணி தாண்டிவிட்டது நான் வந்து சேர. சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் தாழ்வாரத்திலேயே இருந்தார்கள். நர்சம்மா பெட்டியைத் திறந்து முதலில் தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஐந்து. ஒரு குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திரியில்லை, படியவில்லை, மேகம்போல் ஒரே சீராக நின்றது. பக்கத்தில் நின்ற எல்லோரும், எதற்கென்று தெரியாமலே, கழுத்தை நீட்டி அந்தக் குப்பியைப் பார்த்தார்கள்.

துவைக்கிற பெண்ணின் குழந்தைக்குத்தான் முதல் ஊசி. அது வீறிட்டு அழுதது. அவள் அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். "போட்டாச்சுல்லா? போட்டாச்சுல்லா?" என்று நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாமதமாகிவிட்டதா, அதற்குள் இருமல் தொற்றியிருக்குமோ, மூன்று ஊசியும் முடிய வேண்டுமே என்று எனக்கு ஓடியது. அவளிடம் சொல்லவில்லை.

என் முறை வந்ததும் கணவர் மகளைக் கொண்டுவந்து தந்தார். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. ஒரு நொடி மறுபடியும் அந்தக் காய்ச்சல் ஞாபகம் வந்தது.

"போடட்டாம்மா?" என்றார் நர்சம்மா.

ஊசி முனையில் ஒரு துளி திரண்டு நின்றது. நீலகிரி மலையிலிருந்து இறங்கி, எத்தனையோ கைகள் மாறி, கடையநல்லூரில் ஒரு பெண் ஓதிய துளி.

"போடுங்க" என்று மகளின் தொடையை நானே பிடித்துக்கொண்டேன்.