மூணாறில் காளான் பறித்ததும், இரண்டு பங்கு கொண்டு வந்ததும்

வைகாசியில் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இல்லை. பத்தொன்பது வருடமாக ராத்திரிச் சாப்பாட்டை இருவரும் ஒன்றாக உட்கார்ந்தே சாப்பிட்டுப் பழகிவிட்டோம். தனியாகத் தட்டின் முன் உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் போகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு, என் முகத்தையே பார்த்து, "சாப்புட்டயா கண்ணு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே இருந்த கொஞ்சப் பசியும் போய்விடும். ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாகிவிட்டது.

ஐப்பசியில் ஜெசிந்தா போன் செய்தாள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. மூணாறுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், தேயிலை ஃபாக்டரியில் வேலை. "ரெண்டு நாளா இடி இடிச்சு மழ. ஞாயித்துக்கெழம காளான் பறிக்கப் போறோம், வாறியாட்டி? ஆறுதல்லாம் சொல்ல மாட்டேன். சும்மா வா" என்றாள். ஆறுதல் சொல்ல மாட்டேன் என்றாள் பாருங்கள், அதற்காகவே கிளம்பினேன்.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் கோபாலபுரம், கேரள எல்லை செக்போஸ்ட் பக்கம். சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை. உடுமலையிலிருந்து மூணாறு கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர், டிக்கெட் நூற்றுச் சொச்சம். சின்னாறு செக்போஸ்டில் கொஞ்ச நேரம் நிற்கும். மறையூர் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். நான்கு மணி நேரம் என்பார்கள், அன்று நாலரை ஆனது.

மூணாறு ஸ்டாண்டில் இறங்கியதுமே ஜீப் டிரைவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "எக்கோ பாயிண்ட், டாப் ஸ்டேஷன் எல்லாம் காட்டுறேங்க்கா."

"இல்லீங்க தம்பி, காளான் பறிக்கப் போறனுங்க."

"அதுக்கு மலையேறி வரணுமாக்கா? கடையில டப்பாவுல விக்கானே!" என்று சிரித்தார். ஆனாலும் எஸ்டேட் போகிற பங்கு ஜீப்பைக் காட்டிவிட்டார். தலைக்கு நாற்பது ரூபாய்.

ஞாயிறு விடிந்ததும் நானும் ஜெசிந்தாவும் அவள் பக்கத்து வீட்டு மாரியம்மாளும் கிளம்பினோம். எட்டரைக்கு ஜெசிந்தா சர்ச்சுக்குப் போக வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கரையான் புற்று இருக்கும் ஓரங்களில் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தேன். ஒன்று முட்டை ஓடு, இன்னொன்று டீ கப். "அது டூரிஸ்ட்டுக்காரன் நட்ட காளானு. வேரோட புடுங்கு, புண்ணியமாப் போவும்" என்றாள் ஜெசிந்தா. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் எத்தனை மாதம் ஆயிற்று என்று தோன்றியது. காளான் தேடுகிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள், உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அது எவ்வளவு நிம்மதி தெரியுமா!

ஒரு சரிவில் மாரியம்மாள் சட்டென்று நின்றார். புற்றைச் சுற்றிக் கூட்டமாகப் பூத்திருந்தது. கத்தியில்லாமல் கையாலேயே பறித்தோம். மொட்டாக இருந்ததை அப்படியே விட்டோம்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் இந்த வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு வழக்கம். புற்றை முதலில் கண்டவர்தான் பங்கு வைக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றல்ல, வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு. மாரியம்மாள் வாசலில் சாக்கை விரித்து ஜெசிந்தா வீட்டுக்கு நாலு பங்கு வைத்தார். பிறகு என்னிடம், "ஒங்க வீட்ல எத்தன பேரும்மா?" என்று கேட்டார். என் கதை அவருக்குத் தெரியாது.

"ரெண்டு பேருங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் இரண்டு குவியல் வைத்துவிட்டார். ஜெசிந்தா என்னையே பார்த்தாள். நான் ஒரு குவியலை மாரியம்மாள் பக்கமே தள்ளினேன்.

"இல்லீங்க, ஒண்ணு போதுமுங்க. நான் ஒருத்திதான். அவரு செத்துப் போயிட்டாருங்க."

அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை 'அவர் இல்லை' என்றே சொல்லிவந்தேன்.

மாரியம்மாள் அந்தக் குவியலை இழுத்து மறுபடி என் முன் வைத்தார். பிறகு இரண்டு குவியலையும் தனித்தனியே இலையில் கட்டினார். "வச்ச பங்க திருப்பி எடுக்க மாட்டோம். எடுத்தா அந்தப் புத்துல மறுபடி பூக்காது. ரெண்டையும் நீயே தின்னு. நாளைக்கின்னு வச்சிராத, புழு வச்சிரும்" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எஸ்டேட் ஆட்கள் கூட வராமல் உள்ளே போகாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு. சின்னாறு சரணாலயக் காட்டில் எதையும் பறிக்கக் கூடாது. நன்றாகத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லாத காளானை வாயில் வைக்கவே வேண்டாம். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பறித்ததைப் பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்துக் கெட்டுவிடும், இலையோ துணியோ நல்லது. மதியத்துக்குள் பஸ் ஏறினால்தான் இருட்டும் முன் பொள்ளாச்சி பிடிக்கலாம்.

அன்றே நான் வீடு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். இரண்டு கட்டையும் பிரித்து, சின்ன வெங்காயம், மிளகு போட்டு ஒரே சட்டியில் வதக்கினேன். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பங்கு வரைக்கும் சுலபமாகப் போயிற்று. பசி இருந்தது. அதற்கு மேல் சாப்பிட்டதெல்லாம் அவருடையது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.